கல்லீரல் என்று சொல்லாமல் விட்ட மகனுக்கு

தம்பி,

நீ பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். நீ கிளம்பும்போது நான் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். வரப்பில் நீ வந்து நின்றது எனக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிய பிறகே அனுப்புவேன். உன் அக்காவுக்கும் ஒரு நகல் போகும். உன் மனைவி படிக்கட்டும். நீ வேறு யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் உடம்பைப் பற்றி என் வீட்டுக்குள்ளேயே எல்லோரும் குசுகுசுவென்று பேசியது போதும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு வண்டி ஓட்டியவன் நான். என் இருக்கைக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் நீ உட்கார்ந்து வந்ததுண்டு. சூடு தாங்காமல் நெளிவாய், ஆனாலும் எழுந்து போகமாட்டாய். அந்தச் சூட்டின் மேல்தான் எல்லாப் பழியையும் போட்டோம். வெளிக்கிருக்கும்போது முதல்முதலில் இரத்தம் போனபோது எங்கள் டிப்போவில் அது ஒரு செய்தியே இல்லை. ஓட்டுநர் என்றால் மூலம் இருக்கும், அவ்வளவுதான். என்னோடு அதே தடத்தில் நடத்துநராக இருந்த ஏழுமலை, "சூடுண்ணே. எளநி குடிங்க, வெந்தயம் ஊறப்போட்டுத் தின்னுங்க, பூடும்" என்றான். அவனுக்கும் அதே தொந்தரவு இருந்தது; அவனுக்கு அது போய்விட்டது. எனக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. டவுனில் மூலம், பவுத்திரம் என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் போனேன். அவர் என்னைப் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு களிம்பும் ஒரு பொடியும் கொடுத்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த இடத்தைப் பற்றி யாரிடம் விவரமாகப் பேச முடியும்? இரத்தம் நின்றால் மறந்துவிடுவேன், மறுபடி வந்தால் களிம்பு வாங்குவேன். ஓய்வு பெறும் வரைக்கும் இப்படியே ஓடியது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நீ செய்ததற்கு அதுதான் காரணம். நம் மலையில் சாராயத்துக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. லாரி டியூபிலும் கேனிலும் கட்டி என் வண்டியில் ஏற்றப் பார்த்தவர்களை நான் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். டூட்டி முடிந்து மேலே இரவு தங்கும்போது கூட வந்தவர்கள் குடிப்பார்கள். நான் தொட்டதில்லை. பெரிய ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. காலையில் முதல் வண்டியில் சந்தைக்குப் போகிற ஜனங்கள் ஏறுவார்கள், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் ஏறுவாள். அந்த வளைவுகளில் இவர்களை வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். கை நடுங்கக் கூடாது என்ற பயம், அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஒருவனுக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்தால், "லிவர் போச்சு" என்பார்கள். லிவர் போச்சு என்றால் குடித்துச் செத்தான் என்று அர்த்தம். வேறு அர்த்தம் இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற்றபின் என் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நீதான் லீவு போட்டுவிட்டு வந்து என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாய். அதை நான் மறக்கவில்லை, தம்பி. கோபத்தில் இருப்பவன் எல்லாவற்றையும் மறந்துவிடுவான் என்று நினைக்காதே. குடல் சுத்தமாவதற்கு அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு நான் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போனபோது, கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவன் நீ. கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டர் கூப்பிட்டபோது நீயும் உன் அம்மாவும் உள்ளே போனீர்கள். நான் வராந்தாவில் இருந்தேன். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "குடல்ல கட்டிப்பா. கேன்சருதான். ஆனா ஆரம்பத்துலயே பாத்துட்டாங்க. வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது." கேன்சர் என்ற சொல்லை நீ மறைக்காமல் சொன்னதால் நீ சொன்ன மற்றதையும் நம்பினேன். பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கெட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து மீதியை ஒட்டினார்கள். காயம் ஆறியதும் மருந்து ஏற்றினார்கள். ஏற்றிய நாட்களில் சில்லென்ற தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியெல்லாம் முள் குத்துவதுபோல் இருக்கும். வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல் இருக்கும். "கட்டிய எடுத்தாச்சேடா, அப்புறம் இன்னாத்துக்கு இது?" என்று உன்னைக் கேட்டேன். "ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கினு இருந்தா அதயும் அழிக்கறதுக்குப்பா" என்றாய். ஒன்றிரண்டு எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று நீ சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அதற்குள் சங்கராபுரத்திலிருந்து பெண் வீட்டார் வந்து உன் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். கேன்சர் என்று சொல்ல வேண்டாம், குடலில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்வோம் என்று உன் அம்மா சொன்னபோது நானும் தலையாட்டினேன். அது என் காரியம். அதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன். இரண்டாம் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்றைக்கு, "கோர்ஸு முடிஞ்சுதுப்பா. இனிமே மருந்து வேணாம்னுட்டாங்க" என்றாய். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியுமா? மறுநாள் டிப்போவுக்குப் போய் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். பிறகு வெள்ளிமலை வண்டியில் ஏறி, ஜன்னலோரம் பயணியாக உட்கார்ந்து, மேலே போனேன். சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கரியாலூரில் டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னா டிரைவரே, துரும்பா பூட்டீங்க" என்றார். மலை மேல் சொன்னது பெண் வீட்டார் காதுக்குப் போகாது என்ற தைரியத்தில், "கேன்சருங்க. வந்துது, போயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் அது போயிருக்கவில்லை என்று நீ அறிவாய், உன் அம்மா அறிவாள், உன் அக்கா அறிவாள். நான் ஒருவன்தான் ஊர் ஊராகப் போய் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நம் கச்சிராயபாளையத்தில் அவ்வளவு கூட்டம் சேர்ந்த கல்யாணம் சமீபத்தில் இல்லை என்றார்கள். நானும் பட்டு வேட்டி கட்டி, வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டு, பந்தி பந்தியாக நடந்தேன். வலது விலாவுக்குக் கீழே ஏதோ ஒரு பாரம் இருந்தது. அலைச்சல் என்று நினைத்தேன். நீங்கள் இருவரும் பெங்களூர் போனபின் அது வலியாக மாறியது. சோற்றைக் கண்டால் குமட்டியது. உனக்குச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாயே என்று உன்னிடம் சொல்லவில்லை. ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு சின்னசேலத்தில் ரயில் ஏறிச் சேலம் போனேன்.

பெரிய டாக்டர் அன்றைக்கு இல்லை. வயதில் உன் அக்காவை விடச் சின்னவராக ஒரு பெண் டாக்டர் இருந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். "கல்லீரல் ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருந்தோமே. ஏன் வரலை நீங்க?"

எனக்குப் புரியவில்லை. வேறு யாருடைய படத்தையோ பார்த்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன். "எனக்குக் குடல்லதாங்க. எடுத்தாச்சுங்களே" என்றேன். அவர் ஏழுமலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அப்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மற்றது வெறும் விவரம். ஆனால் அந்த விவரத்தை நான் ஒன்று விடாமல் கேட்டேன். அந்த அம்மாளும் பொறுமையாகச் சொன்னார்.

குடலிலிருந்து வரும் இரத்தம் நேராக இருதயத்துக்குப் போவதில்லையாம். சின்னச் சின்ன நாளங்களெல்லாம் சேர்ந்து ஒரே பெரிய நாளமாகி முதலில் கல்லீரலுக்குள் போகுமாம். நாம் தின்றதன் சத்தைக் கல்லீரல் அங்கே வாங்கி, வடிகட்டி, பிறகுதான் மேலே அனுப்புமாம். கேட்கும்போதே எனக்குக் கோமுகி அணை ஞாபகம் வந்தது. அணைக்கு மேலே எந்த ஓடையில் வெள்ளம் வந்தாலும் தண்ணீர் அதில் வந்து நின்ற பிறகுதானே வாய்க்காலுக்குப் போகிறது. குடல் கட்டி, சுவரைத் துளைத்து இரத்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால், அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் பிய்ந்து அந்த இரத்தத்தோடு போகும். முக்கால்வாசி வழியிலேயே செத்துவிடும். சாகாதவை கல்லீரலின் மெல்லிய குழாய்களில் மாட்டி, அங்கேயே பிழைத்து, பெருகும். அதனால்தான் குடலில் வந்தது வேறு எங்கும் போகும் முன்னால் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. "அப்போ எனக்கு லிவர் கேன்சருங்களா?" என்று கேட்டேன். "இல்லை. இது கல்லீரல்ல உட்கார்ந்திருக்கிற குடல் கேன்சர். குடலுக்குக் கொடுக்கிற மருந்துதான் இதுக்கும்" என்றார். "குடிக்கிறவங்களுக்கு வர்றதுங்களா?" என்று நான் கேட்டேன். எனக்கே அவமானமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "உங்களுக்குக் குடலிலிருந்து வந்ததுங்க. அதுதான் காரணம்" என்றார்.

முதல் ஸ்கேனிலேயே கல்லீரலின் ஒரு பக்கத்தில் சில புள்ளிகள் இருந்திருக்கின்றன. மருந்து ஏற்றியதில் அவை சுருங்கியிருந்தன. அந்தச் சமயத்தில் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவிடலாம், மீதி வளர்ந்துகொள்ளும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் முடியட்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். இப்போது புள்ளிகள் இரண்டு பக்கமும் பரவி, பெரிய இரத்தக் குழாயை ஒட்டி வந்துவிட்டன. வெட்ட முடியாது, மருந்தால் தள்ளிப்போடலாம், நன்றாகச் சுருங்கினால் மறுபடி யோசிக்கலாம், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம் என்றார். "அப்பவே வெட்டியிருந்தா பொழச்சிருப்பேனுங்களா?" என்று கேட்டேன். "அப்படி என்னால சொல்ல முடியாதுங்க. வெட்டினவங்களுக்கும் திரும்பி வந்திருக்கு. ஆனா உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்துச்சு" என்றார். அந்த அம்மாள் என்னிடம் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் என்னை ஒரு மனுஷனாக மதித்துப் பேசினார். ஊரில் வந்து இறங்கும்போது ஏழுமலை, "எனக்கும் இப்பத்தாண்ணே தெரியும்" என்றான். அவனும் ஒளித்தவர்களில் ஒருவன் என்று நான் நினைத்துவிடுவேனோ என்று அவனுக்குப் பயம்.

ஊர் திரும்பியதும் உன்னை வரச் சொன்னேன். சனிக்கிழமை நீ வந்தாய். நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். "தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு அம்மா சொல்லிச்சுப்பா" என்றாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "என் மேல போடாதடா. டாக்டர் சொன்னது எனக்கு இன்னா புரிஞ்சுது? நீ சொன்னதத்தான் கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள். அப்புறம்தான் நீ உண்மையைச் சொன்னாய். "லிவர்ல ஆபரேஷன்னா ஐசியூல போடுவாங்க. ஊரே பாக்க வரும். லிவருன்னாலே குடிகாரன் வூடுன்னு பேசுவாங்கப்பா. பொண்ணு வூட்டுல கேட்டா நான் இன்னான்னு சொல்றது? ரெண்டு மாசம்தானேன்னு நெனச்சேன். கல்யாணம் முடிஞ்சப்புறம் உன்கிட்ட எப்புடி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நாள தள்ளிட்டேன்." நான் உன்னை அடிக்கக் கை ஓங்கவில்லை. இந்த வயதில் அதற்குத் தெம்பும் இல்லை. "பிரேக் புடிக்கலன்னு பஸ்ஸுல இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஓட்டறவனுக்கு மட்டும் சொல்லல. அப்படித்தானேடா?" என்று கேட்டேன். குடிக்காமல் வாழ்ந்த ஒருத்தனைக் குடிகாரன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அவன் உயிரைத் தள்ளி வைத்திருக்கிறாய். என் பெயரைக் காப்பாற்ற என்றுகூட நீ சொல்லவில்லை. உன் கல்யாணத்தைக் காப்பாற்ற என்று சொன்னாய். அது நேர்மையான பதில்தான். அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

நீ கிளம்பிப் போனபின், அன்று மாலையே, நான் மருமகளுக்குப் போன் செய்தேன். நீ அதற்குள் அவளிடம் சொல்லியிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். குடலில் வந்தது, கல்லீரலுக்குப் போனது, கல்யாணத்துக்காகத் தள்ளிப்போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரே கல்யாணத்த தள்ளி வெச்சிருப்பாரு மாமா. எங்க பெரியம்மாவுக்கு மார்ல கேன்சர் வந்துது. எங்க வூட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றாள். யாரைப் பார்த்துப் பயந்தாயோ, அவர்கள் வீட்டில் பயப்பட ஒன்றுமே இருந்திருக்கவில்லை. கேட்டுப் பார்க்கக்கூட இல்லையே நீ. நாமாக ஒரு ஊர் வாயைக் கற்பனை செய்துகொண்டு, அதற்குப் பயந்து, அதற்குப் படையல் வைத்திருக்கிறோம்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன். உன்னோடு பேசாமலேயே இருந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மருமகள் இன்னொன்றும் சொன்னாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாமா, சொன்னேன்னு அவருகிட்ட சொல்லாதீங்க. அவருக்கும் ரத்தம் போகுது. கேட்டா, உக்காந்துக்கினே வேல செய்யறேன்ல, சூடுன்றாரு. மோரா குடிக்கிறாரு. பீரோவுல களிம்பு வெச்சிருக்காரு." அவள் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்கிறேன். நம் வீட்டில் யார் வேண்டிக்கொண்டாலும் இனி எதையும் மறைக்கிறதாக இல்லை. அவளிடமும் அப்போதே அதைச் சொல்லிவிட்டேன். சரி மாமா என்றாள். என் வியாதியைக் கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை, தம்பி.

மறுநாளே அந்த டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். உன் வயதில் இரத்தம் போவது பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும் என்றார். ஆனால் அப்பனுக்குக் குடலில் வந்திருக்கும்போது அப்படி ஊகித்துக்கொண்டு உட்காரக் கூடாது, கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். இது திடீரென்று ஒரு நாளில் வருவதில்லையாம். முதலில் மரு மாதிரி ஒன்று முளைத்து, பல வருஷம் சும்மா கிடந்து, பிறகுதான் சிலது கெட்டதாக மாறுமாம். மருவாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் அந்தக் கேமராவோடே அதை எடுத்துவிடலாம், கத்தி வேண்டாம் என்றார். உன் அக்காவுக்கு இப்போது தொந்தரவு ஏதும் இல்லை, ஆனாலும் நாற்பது வயதுக்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். அவளிடம் பேசிவிட்டேன். அவள் அழுதாள், ஆனால் போகிறேன் என்றாள். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பாத்துக்கலாம்ப்பா என்பாய். வேலை இருக்கிறது, புது வீடு பார்க்கிறோம், தீபாவளி முடியட்டும் என்பாய். ஒன்று முடியட்டும் என்று நீ சொல்லி, அது முடிந்தபின் என்ன ஆனது என்று என் வயிற்றுக்குள் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், வந்து பார்த்துக்கொள்.

வருகிற திங்கட்கிழமை முதல் எனக்கு மறுபடி மருந்து ஏற்றுகிறார்கள். போவது என்று நானே முடிவு செய்தேன். எவ்வளவு நாளைக்கு ஏற்றிக்கொள்வது, எப்போது போதும் என்று சொல்வது, அதுவும் என் முடிவு. உன் அம்மாவோடு நான் சில நாள் பேசாமல் இருந்தேன், இப்போது பேசுகிறேன். அவள் என்னோடு அந்த மருந்து நாற்றத்தில் நாள் முழுக்க உட்கார வேண்டியவள். உன்னோடு பேசுவேனா என்று தெரியவில்லை. ஒருநாள் நீ என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று மன்னிப்பு கேட்பாய். சுற்றி நிற்பவர்கள், மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, புள்ள மனசு ஆறட்டும் என்பார்கள். அவர்களுக்காக நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த வார்த்தை எனக்குள் தானாக வந்தால், யாரும் கேட்காமலேயே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன். வராமலேயே நான் போய்விட்டால் அதையும் நீ சுமக்கத்தான் வேண்டும். இதை மனசு கல்லாகி எழுதவில்லை. எழுதும்போது உன் முகம்தான் முன்னால் நிற்கிறது.

மருமகள் அதே வாரம் வியாழக்கிழமைக்கு, கேமரா விட்டுப் பார்க்க, அங்கே ஒரு டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். நான்தான் வாங்கச் சொன்னேன். உன்னிடம் இதுவரை சொல்லியிருக்கமாட்டாள். உன் கோபத்துக்குப் பயப்படுகிறாள். அவள் மேல் ஒரு சொல் சொன்னாய் என்று என் காதுக்கு வரக் கூடாது. என்னிடம் என்ன கேட்க வேண்டுமென்று நினைத்திருந்தாலும் அதைப் பிறகு கேள், தம்பி. முதலில் வியாழக்கிழமை அவளோடு போய் அந்த மேஜை மேல் படு.

அப்பா